குரல் கொடுப்பவர்

"அந்தம்மாவை முன்வரிசையில, கேமராவுக்கு நேரா உக்கார வை. அழுதா முகம் நல்லாத் தெரியணும்" என்றார் பேராசிரியர் டோர்க்கெல்.

அவரிடம் ஆராய்ச்சி செய்யும் இல்வா, எண்பதைத் தாண்டிய குன்வோரைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து உட்காரவைத்தாள். 'உயிர் தப்பியவர்' என்று அச்சடித்த அட்டையை அவருடைய கம்பளிச்சட்டையில் குத்தும்போது அவளுக்கே கூச்சமாக இருந்தது.

குன்வோர் குனிந்து அட்டையைப் படித்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் டோர்க்கெல் வந்து தோளைத் தட்டிக்கொடுத்தார். "தெரியும் குன்வோர். எல்லாம் எனக்குத் தெரியும்."

டோர்க்கெலுக்குத் தெரியாதது என்று எதுவும் இருந்ததில்லை. அந்த ஸ்வீடன் பல்கலைக்கழகத்தில் உலக மக்கள் நல்வாழ்வு, மனித உரிமைத் துறைக்கு அவர்தான் தலைவர். எங்காவது காலரா பரவினால் அவருக்கு ஒரு கட்டுரை. எங்காவது மருந்து கிடைக்காமல் ஜனங்கள் செத்தால் ஒரு விமானப் பயணம். காலராக்காரன் முகத்தை அவர் பார்த்ததில்லை. காலரா மாநாட்டில் பரிமாறிய சால்மன் மீனைப் பற்றி மட்டும் மாதக்கணக்கில் பேசுவார்.

இந்தமுறை உள்ளூரிலேயே சரக்கு கிடைத்திருந்தது. பல பத்தாண்டுகளுக்கு முன், 'பிள்ளை பெறத் தகுதியில்லாதவள்' என்று முத்திரை குத்தி, ஏழைப் பெண்களுக்குச் சட்டப்படியே கருத்தடை அறுவை செய்த காலம். வடக்கே காட்டுக்குள் அப்படி ஒரு பராமரிப்பு இல்லம் இருந்தது. உள்ளே போன பெண், அறுவைக்குச் சம்மதிக்காமல் வாசற்படி தாண்ட முடியாது.

அங்கே இருந்தவர்களில் ஒருவராவது உயிரோடு இருக்கிறாரா என்று தேடி அலைந்தது இல்வாதான். ஒரு முதியோர் இல்லத்தில் குன்வோர் அகப்பட்டார். "ஆமா, பதினெட்டு வயசுல அங்க போனேன். அதைப் பத்திப் பேசணும்னு ரொம்ப வருஷமா நினைச்சுக்கிட்டிருக்கேன்" என்று போனில் சொன்னார்.

"நேர்ல போய் ஒரு தடவை முழுசாக் கேட்டுட்டு வந்துடறேனே?" என்றாள் இல்வா.

"அறிவிருக்கா உனக்கு? ரணத்தைக் கிளறக் கூடாது, அது நம்ம துறையோட நெறி. அவங்க வந்து உக்காந்தாப் போதும். பேசறதுக்குத்தான் நான் இருக்கேனே" என்றார் டோர்க்கெல்.

கூட்டத்துக்கு முன்னால் காப்பியும் இலவங்கப்பட்டை பன்னும் கொடுத்தார்கள். பேச்சுவாக்கில் குன்வோர் சொன்னார்: "அங்க ஞாயித்துக்கிழமை மட்டும் பஸ் ஏறி வீட்டுக்குப் போவேன். திங்கக்கிழமை விடியறதுக்குள்ள திரும்பிடணும்."

இல்வா நிமிர்ந்து பார்த்தாள். டோர்க்கெல் பன்னை மென்றுகொண்டே தலையாட்டினார். "பாத்தியா? வீட்டைக் கண்ணுல காட்டிட்டு மறுபடி கொண்டுபோய் அடைச்சிருக்காங்க. என்ன ஒரு வக்கிரம்! இதை என் பேச்சுல சேத்துக்கறேன்."

"அது அப்படி இல்ல..." என்று குன்வோர் ஆரம்பித்தார்.

"சிரமப்படாதீங்க. நான் அழகாச் சொல்லிடறேன்" என்று வாயைத் துடைத்துக்கொண்டு மேடையேறினார் டோர்க்கெல்.

அழகாகத்தான் சொன்னார். எங்கே குரல் உடைய வேண்டும், எங்கே கண்ணாடியைக் கழற்ற வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. புது ஆய்வு மையத்துக்கு நன்கொடை தரவிருக்கும் அறக்கட்டளைக்காரர்களைப் பார்த்தபடியே, "குரலற்றவர்களின் குரல் நாங்கள்" என்று முடித்தார். குன்வோரை நோக்கிக் கையை நீட்டினார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

குன்வோர் எழுந்து ஏதோ சொன்னார். கைதட்டலில் அது யார் காதிலும் விழவில்லை. யாரோ ஒரு பூங்கொத்தை அவர் கையில் திணித்து உட்காரவைத்தார்கள்.

கீழே இறங்கிவந்த டோர்க்கெல், இல்வாவின் காதில் சீறினார். "என்ன இது, கல்லு மாதிரி உக்காந்திருக்கு! ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டாக் குறைஞ்சா போயிடும்?"

"அவங்க ஏதோ சொல்ல வர்றாங்க. காலையில இருந்து சொல்ல வர்றாங்க."

"சொல்ல வேண்டியதை நான் சொல்லிட்டேன்."

கேள்வி நேரம் வந்தது. கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். அவள் பேராசிரியரைப் பார்க்கவே இல்லை. "குன்வோர், உங்ககிட்டதான் கேக்கறேன். அந்த இல்லத்துல இதைச் செஞ்சவங்களை நீங்க மன்னிச்சிட்டீங்களா?"

டோர்க்கெல் ஒலிவாங்கியை எடுத்தார். "மன்னிப்பா! இவ்வளவு பெரிய காயத்துக்கு அப்புறம் மன்னிப்புங்கிற சொல்லே..."

குன்வோர் பூங்கொத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். எட்டி, டோர்க்கெலின் கையிலிருந்த ஒலிவாங்கியைப் பிடுங்கினார். அந்த வயதில் அப்படி ஒரு பிடியை டோர்க்கெல் எதிர்பார்க்கவில்லை. சட்டென்று விட்டுவிட்டார்.

அறக்கட்டளைக்காரர்கள் கைக்குட்டையைத் தயாராக எடுத்துக்கொண்டார்கள். கேமராக்காரன் குன்வோரின் முகத்துக்கு நெருங்கி வந்தான்.

குன்வோர் அந்த மாணவியை மட்டும் பார்த்தார்.

"மன்னிக்கறதுக்கு நான் யாரு கண்ணு? மயக்கம் ஏறுற வரைக்கும் அந்தப் பொண்ணுங்களை மேசையில அமுக்கிப் பிடிச்சுக்கிட்ட நர்சு நான்."