கதவில் வைத்த கை

"பாட்டு வேணாண்ணே, இதுக்கு ஏத்த மாதிரி செட் பண்ணுங்க" என்று கார் ஸ்பீக்கர் கடை ஜெபராஜிடம் தணிகைவேல் போனை நீட்டினான். அதில் இருந்தது, காலையில் ஸ்கேனில் பதிந்த வயிற்றுக் குழந்தையின் இதயத்துடிப்பு. இரண்டு நாளாக வயிற்றில் அசைவு தெரியவில்லை என்று அழுத அவன் மனைவி மேகலாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. டாக்டர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியும் அவள் நம்பவில்லை. ஜெபராஜ் கீச்சொலி தரும் ட்ரெபிளை முழுக்கக் குறைத்து, காரில் உட்கார்ந்திருந்த அவள் பக்கக் கதவில் அதிர்வு தரும் வூஃபரை மட்டும் ஏற்றினார். கதவின் தகரம் தனியாக நடுங்கியது. உள்ளே ரப்பர் ஷீட் ஒட்டி அதை அடக்கினார்.

"இப்ப கைய வைக்கச் சொல்லு."

கதவில் உள்ளங்கையை வைத்த மேகலா கண்ணை மூடினாள். சற்று நேரத்தில் அவளுடைய இன்னொரு கையின் விரல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தணிகைவேலின் முழங்காலில் அந்தத் துடிப்போடு சேர்ந்து வேகவேகமாகத் தட்டத் தொடங்கியது. ஜெபராஜ் செட்டை அணைத்தார். விரல் நிற்கவில்லை, தாளம் தப்பவுமில்லை.