தக்கை மூழ்கிய இடம்

"அடிப்பாவி, மறுபடியும் விட்டுட்டியா!" படகின் மறுமுனையிலிருந்து வெண்டல் கத்தினான். "தக்கை மூழ்கினதும் சுண்டி இழுக்க வேணாமா? இதோட பதினாலு தடவை!"

"கத்தாதய்யா," என்ற அவன் மனைவி டார்லா, ரப்பர் புழுவை அதே இடத்தில் மெல்ல இறக்கினாள்.

பிடிக்காத மீனையும் பிடித்ததாக அலபாமா முழுக்கப் பீற்றிக்கொள்பவன் வெண்டல். இன்று அவனுக்கு ஒரு பாஸ் மீன்கூடச் சிக்கவில்லை. இவளோ வலிய வருவதை விட்டுக்கொண்டிருக்கிறாள்!

தக்கை மீண்டும் மூழ்கியது. பொறுக்காமல் எழுந்து வந்து, தூண்டிலைப் பிடுங்கிச் சுண்டினான். வெறும் புழுதான் வந்தது. முள்ளே இல்லை.

"முள்ளில்லாம என்னத்தடி பிடிக்கிற?"

"யார் பிடிக்கிறா? கீழே பாரு."

தெளிந்த நீரடியில், பெருக்கிவிட்டாற்போல் வட்டமாகச் சரளைத் தரை. அதில் பொடிப்பொடியாக முட்டைகள். மேலே, வால் கிழிந்த ஓர் ஆண் பாஸ் மீன். சுற்றிலும் முட்டையைத் தின்னக் காத்திருக்கும் சின்ன மீன்கள்.

"அவன் தின்ன வரல. முட்டை மேல எது விழுந்தாலும் கவ்விக்கிட்டுப் போய் வெளியே துப்பறான். பதினஞ்சு தடவையும்."

இன்னொரு முறை வெண்டல் அந்தப் புழுவைப் பார்த்தான். பிறகு அந்தக் கிழிந்த வாலை.

இன்னொரு படகு நெருங்கியது. "என்னப்பா வெண்டல், இங்க மீன் படுதா?"

வெண்டல் சோம்பல் முறித்தான்.

"அட போப்பா! காலையிலேர்ந்து தக்கைகூட அசையல."