நடுவில் ஒரு கோடு

“கோடு போச்சா?” வாசலைப் பார்த்தபடியே மனைவி கேட்டாள்.

“போகலடி. தேய்க்கத் தேய்க்க இன்னும் நல்லாத் தெரியுது.” தண்ணீரில் நனைத்த உப்புத்தாளால் அவர் கிடாரின் முன்பக்கத்தை மறுபடியும் தேய்த்தார்.

“பெருக்குறேன்னு போய் அதைத் தட்டிவிடச் சொல்லி யாரு அழுதா? முதலாளி வர்ற நேரம் வேற.”

“நீ சும்மா இரு. வாசலைப் பாரு.”

“மாசக்கணக்கா பூசிப் பூசித் தேய்ச்ச வார்னிஷ். இன்னிக்கு நம்ம கதை கந்தல்தான்.”

கோடு போகவில்லை. வார்னிஷ்தான் போனது. உள்ளங்கை அகலத்துக்கு வெறும் மரம் வெளுத்துத் தெரிந்தது.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அதுவரை “நம்ம கதை” என்றிருந்த மனைவி சமையலறைக்குள் நழுவிவிட்டாள்.

தோள்பையைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்த முதலாளி, அதாவது கல்லூரியில் படிக்கும் அவர்களுடைய ஒரே மகள், தான் செய்த கிடாரைப் பார்த்து அப்படியே நின்றாள்.

“என்னப்பா இது?”

“கீழ விழுந்து நடுவுல விரிசல் விட்டுருச்சும்மா. நீ பார்க்குறதுக்குள்ள தேய்ச்சு எடுத்துடலாம்னு...”

அவள் கிடாரைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினாள். அங்கேயும் நட்டநடுவில் அதே கோடு.

“விரிசல் இல்லப்பா. ரெண்டு பலகையை ஒட்டின இடம். முதல் நாள்லேர்ந்து இருக்கு.”

அவர் உப்புத்தாளைக் கீழே வைத்தார்.

“இனிமே எதையாவது உடைச்சா, உடைச்சதோட நிறுத்திக்குங்க” என்றாள் முதலாளி.