விசிலில் தூசி

ஊதினார். காற்றுதான் வந்தது.

விசிலை உள்ளங்கையில் தட்டிப் பார்த்தார். "தூசி அடைச்சிருக்கு" என்று அறிவித்தார். நடையாளர் சங்கத்தின் தலைவரே சொன்னால் தூசிதான். உறுப்பினர்கள் கைதட்டிவிட்டுத் தாங்களாகவே பூங்காவைச் சுற்றப் புறப்பட்டார்கள்.

நேற்று இரவிலிருந்தே எதுவுமே சரியில்லை.

ஷூ சுருங்கிவிட்டது.

மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தும் தூக்கம் வரவில்லை.

எடை மிஷின் கெட்டுவிட்டது. இரண்டே நாளில் இரண்டு கிலோ ஏற்றிக் காட்டுகிறது.

"நான் ஏறினா சரியாத்தானே காட்டுது?" என்றாள் சுகந்தி.

"உனக்குக் காட்டும்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

இதயம் தளர்ந்திருக்கிறது, உடம்பில் நீர் கோக்கும், எடை ஏறினால் அன்றைக்கே வந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மிஷின் கெட்டால் வரச் சொல்லவில்லை.

அதுவும் இன்றைக்கு. ஆண்டு விழா நடை. அவர் வராவிட்டால் விசில் யார் கழுத்துக்குப் போகும்? துணைத்தலைவர் பரமானந்தம் எதற்குக் காத்திருக்கிறார் என்று பூங்காவுக்கே தெரியும்.

பூங்கா வாசலில் அவரே எழுதிய வாசகம் ஆளுயரத்துக்குத் தொங்கியது. நடப்போம், நூறாண்டு கடப்போம்.

பத்தடி நடந்தார். மூச்சு வாங்கியது.

கூட்டம் வளைவில் மறைந்ததும் நாகலிங்க மரத்துக்குப் பின்னாலிருந்த பெஞ்சுக்கு ஒதுங்கினார். சில மாதங்களாக அவருடைய நடை அங்கேதான் நடக்கிறது.

பாட்டிலைத் திறந்தார். சுகந்தி அளந்து ஊற்றியது. நாள் முழுக்க அவ்வளவுதான் தண்ணீர். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. ஒரு மடக்கு குடித்தார்.

மிச்சத்தைக் கழுத்திலும் முதுகிலும் ஊற்றிக்கொண்டார்.

பார்க்க அசல் வேர்வை.

உட்கார முடியவில்லை. எழுந்தார். நிற்க முடியவில்லை. உட்கார்ந்தார்.

சாக்ஸை இறக்கிக் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினார். குழி விழுந்தது. மேலே வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வரவில்லை.

சருகு மிதிபட்டது. சாக்ஸை இழுத்துவிட்டார்.

பரமானந்தம். சட்டை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. நெற்றி உலர்ந்திருந்தது. கையில் காலி பாட்டில்.

"அதுக்குள்ள ரெண்டு சுத்து முடிச்சிட்டீங்களா?"

"மூணு" என்ற பரமானந்தம், பெஞ்சின் மறுகோடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் மூச்சு, விசிலைவிட நன்றாகவே ஊதியது.

ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

பிறகு பரமானந்தம் மெல்லக் குனிந்தார். தன் சாக்ஸை இறக்கினார். கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

அந்தக் குழியை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தலைவருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு?" பரமானந்தம் பாட்டிலைக் காட்டினார்.

"ஒரு லிட்டர்."

"எனக்கு ஒண்ணேகால்."

அதிலும் முந்திவிட்டார்.

தலைவர் விசிலைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தார். போனை எடுத்தார்.

"சுகந்தி, மிஷின் நல்லாத்தான் இருக்கு. காரை எடுத்துட்டு வா."

பக்கத்தில் மூச்சு இன்னும் ஊதிக்கொண்டிருந்தது.

"பின் சீட்டைக் காலி பண்ணிட்டு வா. ரெண்டு பேர்."