தரையில் மேடு வேண்டாம்

கூரையின் உயரத்தை அவன் தப்பாக அளந்து வைத்திருந்தான். குறுக்கே ஓடும் உத்தரத்தை மறந்து, மேல்தளம்வரை டேப்பைப் பிடித்திருக்கிறான் என்பதை, காரைத் தூக்கி நிறுத்தும் லிஃப்ட் விற்பவர் ஷெட்டுக்குள் நுழைந்ததுமே கண்டுபிடித்துவிட்டார்.

"ஒரு அடி போச்சே சார்!" என்று சிரித்தார்.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. கண் வாசலிலேயே இருந்தது.

"என்ன சார், வீட்டம்மா வர்றதுக்குள்ள முடிச்சாகணுமா?"

"ஆமாங்க. தெரிஞ்சா ஒத்துக்கமாட்டா. ஷெட்டையே காலி பண்ணணும்னு ஒரே பிடிவாதம். நாளைக்குக் காலையில ஆள் வந்து எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிடுவான்."

சுவரில் ஸ்பேனர்கள் அளவு வாரியாகத் தொங்கின. வந்தவர் உச்சுக் கொட்டினார். "எல்லா வீட்டுலயும் இதே கூத்துதான். முதல்ல லிஃப்டை இறக்கிடுங்க, திட்டை அப்புறம் வாங்கிக்கலாம்."

படத்தை விரித்தார். "உங்க கூரைக்கு இந்த ரெட்டைத் தூண்தான் சரி. தூணுக்குத் தூண் தரையில ஒரு தகடு ஓடும். ரெண்டு விரல் மேடு."

"மேடு வேண்டாம்."

"காலைத் தூக்கி வச்சாத் தாண்டிடலாமே சார்!"

"தரை சமமா இருக்கணும்."

"அப்போ மேல சட்டம் போடற குட்டைத் தூண்தான். வண்டி உங்க நெஞ்சுக்கு மேல ஏறாது. முதுகு ஒடிஞ்சிடும், பாத்துக்குங்க."

"அந்த உயரம் போதும். முன்பணம் எவ்வளவு?"

வந்தவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். இப்படி ஓர் ஆளை அவர் கண்டதில்லை.

வாசலில் டாக்ஸி வந்து நின்றது.

"மாட்டிக்கிட்டீங்க," என்றார் காதோடு.

டிரைவர் முதலில் சக்கர நாற்காலியை இறக்கி விரித்தார். பிறகு அவன் மனைவி கைகளை ஊன்றி அதற்கு மாறி உட்கார்ந்தாள். நேராக ஷெட்டுக்குள் உருட்டிக்கொண்டு வந்தாள்.

தரையில் சாக்பீஸ் கோடுகள். எதிரே புருஷனின் திருட்டு முழி. அவள் படத்தைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள். கிழிக்கத்தான் போகிறாள் என்று அவன் ஓர் எட்டு முன்னால் வைத்தான்.

அவள் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது எந்தெந்த உயரத்துல லாக் விழும்?"

வந்தவர் அவன் பக்கம் திரும்பிப் பதில் சொல்லத் தொடங்கினார்.

"என்னைப் பாத்துச் சொல்லுங்க. இங்க மெக்கானிக் நான்தான்."