மூன்றாவது மூச்சு

கண்ணாடிக் கூரை வழியே இறங்கும் மதிய வெளிச்சத்தில் மரத்தூள் மிதக்கிறது. நாற்காலிக் கம்பெனியின் கூடத்துக்குள் தச்சர் துணிப்பையோடு நுழையும்போதே இயந்திரத்தின் கீச்சொலி அவர் பல்லைக் கூசவைக்கிறது. பையில், முதலாளியிடம் காட்ட அவர் இணைத்த இரண்டு பலகைகள் இருக்கின்றன. ஆணி இல்லை, பசை இல்லை. துளைக்குள் செருகிய பிளாஸ்டிக் குச்சியை இயந்திரத்தின் அதிர்வு உருக்கி, மரத்தின் நுண்துளைகளுக்குள் வேராய் இறக்கிவிடும். ஆனால் சத்தம் நின்றதும் கையை எடுத்தால் போச்சு, உருகியது இறுகாமல் இணைப்பு விட்டுவிடும். அழுத்தியபடியே மூன்று மூச்சு விட வேண்டும். நாற்பது பலகைகளைப் பாழாக்கிக் கண்டுபிடித்த அந்தச் சூட்சுமத்தை ஒரே ஓர் ஆளிடம்தான் சொல்லியிருக்கிறார். அந்த ஆள், தங்கையின் கணவன், இப்போது முதலாளியின் முன்னால் இயந்திரத்தை அழுத்திக்கொண்டு நிற்கிறான். "முழுக்க என் யோசனை சார்," என்கிறான். சத்தம் நிற்கிறது. அவன் மார்பு ஏறி இறங்குகிறது: ஒன்று, இரண்டு. அப்போதுதான் வாசலில் நிற்பவரைப் பார்க்கிறான். பிடியில் விரல்கள் தளர்கின்றன. கையை எடுக்கட்டும், இங்கேயே அவன் மானம் போகட்டும் என்று தச்சர் பையை நெஞ்சோடு இறுக்குகிறார். பாழாய்ப்போன வாய் கேட்கவில்லை. "கைய எடுத்துடாதீங்க மாப்பிள்ளை, இன்னும் ஒரு மூச்சு இருக்கு." முதலாளி திரும்புகிறார். "யாரு இவரு?" அவன் விரல்கள் மறுபடி இறுகுகின்றன. மூன்றாவது மூச்சை நிதானமாக விட்டுவிட்டுச் சிரிக்கிறான். "நம்ம மச்சான்தான் சார். கூடமாட ஒத்தாசைக்கு வெச்சிருக்கேன்."