உள்பக்கத்து எழுத்து

"எழுத்து வெளியே தெரியக் கூடாது அண்ணே. உள்பக்கமா இருக்கணும்" என்றாள் ஷிஜி, வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே.

துபாய் நகைக்கடையில் சதக்கத்துல்லாவுக்கு இது பதினெட்டாவது வருடம். கீழக்கரைக்காரர். நகை வாங்க வந்துவிட்டு, நகையை விட வாசலை அதிகம் பார்க்கும் பெண்ணை அவர் இதுவரை கண்டதில்லை.

"யூதங்க போடுற பிரேஸ்லெட்டுதானே கேட்டீங்க தங்கச்சி? அந்த டூரிஸ்ட்டுங்க வர்றதால வச்சிருக்கோம். இந்த நட்சத்திரம் போட்டது நல்லா போகுது."

"அய்யோ, நட்சத்திரம் வேண்டாம்! பாத்த உடனே தெரிஞ்சிரும்."

"அப்ப இந்தச் சிவப்புக் கயிறு?"

"ரெண்டு நாள்ல அத்துப் போவும். வயசான ஒரு அம்மைக்கு அண்ணே. கையில கிடந்தா அவங்களுக்கு ஒரு ஆறுதலா இருக்கணும்."

சதக்கத்துல்லா யோசித்துவிட்டு உள்ளேயிருந்து ஒன்றை எடுத்து வந்தார். வெள்ளிப் பட்டை, நடுவில் விரித்த உள்ளங்கை.

"இந்தக் கையைக் கண்ணேறு படாம இருக்க அரபு வீட்டுலயும் போடுவாங்க, யூதங்களும் போடுவாங்க. உள்ள பாருங்க, அவங்க எழுத்து ரெண்டு. உயிர்னு அர்த்தமாம்."

ஷிஜி அந்த எழுத்தை விரலால் தடவினாள். இதைத்தான் தேடி வந்திருந்தாள்.

"ஊர்ல அம்மாவுக்கா? ஜெருசலேம் ஞாபகமாக்கும்!"

அவள் பர்ஸைத் திறந்தாள். "குவைத்துக்குக் கொண்டு போவணும். நல்லா பொதிஞ்சு தாங்க."

அவர் கை அப்படியே நின்றது. "குவைத்துக்கா? வேணாம் தங்கச்சி. அங்க யூதச் சாமானோட மாட்டுனா வம்பாயிரும். இங்கருந்தே ஊருக்கு அனுப்பிருங்க."

"என் கையாலதான் குடுக்கணும் அண்ணே. எங்க கஃபீல் கண்ணுல மட்டும் படாம இருந்தா போதும். அவரை நெனச்சாத்தான் எனக்குப் பயம்."

மறுநாள் குவைத் விமான நிலையம். அவளை வேலைக்கு எடுத்த கஃபீல் அபு நாசர் முன்னால் நடந்தார். துபாயில் வைத்தியம் முடிந்து திரும்பும் அவருடைய தாயைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு, அந்த வீட்டு நர்ஸ் ஷிஜி பின்னால் வந்தாள். அவள் விசா அவர் கையில். முட்டத்தில் இருக்கும் இரண்டு பிள்ளைகளின் படிப்பும் அந்த விசாவில்தான் இருக்கிறது. அவர் ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் கலாஸ்.

கைப்பை எந்திரத்துக்குள் போய் வெளியே வந்தது. அதிகாரி திறக்கச் சொன்னார். டப்பாவை எடுத்தார். பிரேஸ்லெட்டை அவர் திருப்பிப் பார்க்கப் போன நேரம், அபு நாசர் சட்டென்று கை நீட்டி அதை வாங்கினார். உள்பக்கத்தைப் பார்த்தார். பார்த்தபடியே நின்றார்.

ஷிஜி மனசுக்குள் வேண்டினாள். மாதாவே, என் பிள்ளைகளைக் காப்பாற்று!

"யாருடையது?" என்றார் அதிகாரி.

"என் அம்மாவுடையது" என்றார் அபு நாசர்.

ஷிஜிக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாலு பேர் முன்னால் மானம் போகக் கூடாது என்று சமாளிக்கிறார், வெளியே போனதும் இருக்கிறது நமக்கு என்று நினைத்துக்கொண்டாள். நாற்காலியைத் தள்ளினாள்.

டிரைவர் வண்டியை எடுக்கப் போனதும் அபு நாசர் அவள் பக்கம் திரும்பினார்.

"உண்மையைச் சொல். இதை யாருக்கு வாங்கினே?"

ஷிஜியின் விரல், நாற்காலியில் கண்ணயர்ந்திருந்த அவருடைய தாயைக் காட்டியது.

அபு நாசர் குனிந்து, தாயின் மெலிந்த கையில் பிரேஸ்லெட்டை மாட்டிவிட்டார்.

"அம்மா யூதக் குடும்பத்துல பிறந்தவங்கன்னு உன்கிட்டயாவது சொன்னாங்களே! எனக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரியாது ஷிஜி. இதை வாங்கிக் குடுக்க நான் அம்பது வருஷமாப் பயந்துக்கிட்டிருந்தேன்."